டிரம்மில் தூங்கியவள்

சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மணிக்கூண்டு லைனில் ஏகாம்பரம் வீட்டு பீர் டிரம் மூச்சுவிட ஆரம்பித்த அந்தப் பங்குனி மாதத்தில் தங்கவயலில் வேறு பல காரியங்களும் நடந்தன. கோழி விலை ஏறியது, குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை என்றானது, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் காலை ரயிலில் ஒரு பெட்டியைக் கூட்டினார்கள், பிறகு அதையே கழற்றினார்கள். ஆனால் இன்றைக்கும் லைன்காரர்களிடம் அந்த மாதத்தைப் பற்றிக் கேட்டால் கோழியையும் தண்ணீரையும் யாரும் சொல்வதில்லை. "யசோ தூங்கின மாசமா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

யசோதரை ஏகாம்பரத்துக்கும் கனகவல்லிக்கும் ஒரே மகள். பெங்களூரில், பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் ஒரு பெரிய விடுதியில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, கழுவிய பாத்திரங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் காய்ச்சுகிறவளாகவே ஆகிவிட்டவள். லைனில் முதலில் முணுமுணுத்தார்கள். பொம்பளைப் பிள்ளை சாராயம் காய்ச்சுகிறதாமே என்று பக்கத்து வீட்டு சலோமியே நேரில் கேட்டாள். "சாராயம் இல்லத்தே, பீரு. சாராயம் காச்சறவன் அவசரக்காரன். பீர் காச்சறவன் காத்துக்கினு இருக்கறவன்" என்று யசோ சிரித்தாள். சிரிக்கும்போது அவள் மூக்கு ஒருபக்கமாய்ச் சாயும். சின்ன வயதில் படியிலிருந்து விழுந்து உடைந்த எலும்பு கோணலாகவே சேர்ந்துவிட்டது. தூங்கும்போது அந்த மூக்கின் ஒரு துளையில் மெல்லிய விசில் வரும். இரண்டு மூச்சு விசிலோடு, ஒரு மூச்சு விசில் இல்லாமல், புரண்டு படுப்பதற்கு முன்னால் "ம்ஹூம்" என்று யாருக்கோ எதையோ மறுக்கிற மாதிரி ஒரு முனகல். சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் லைன் வீடுகளில் அந்த விசில் சலோமிக்கும் பழக்கம்தான்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் யசோ வீட்டிலும் பீர் காய்ச்சினாள். டின்னில் அடைத்து விற்கும் தானியப் பாகு வாங்கி வருவாள், தேன் மாதிரி கெட்டியாக இருக்கும், அதை வெந்நீரில் கரைத்து, நொதிக்கவைக்கும் ஈஸ்ட் தூவி, நீல டிரம்மில் மூடி வைப்பாள். ஏகாம்பரம் பாட்டில் கழுவுவார். அதற்குமேல் அவருக்கு வேலை கிடையாது. ஒருநாள் காலி டின்னைச் சுரண்டி நக்கிக்கொண்டே யசோ சொன்னாள்: "இது கடையில மாவு வாங்கியாந்து தோசை சுடற மாதிரி நைனா. சுட்டது நாமதான், ஆனா மாவு நம்முது இல்ல. அடுத்த வாட்டி தானியத்துலருந்தே செய்யலாம். உடைச்சி, ஊற வெச்சி, சாறு எறக்கி. நான் சொல்லச் சொல்ல நீ செய்."

அடுத்த முறை ரயிலில் ஒரு மூட்டை வந்தது. முளை வரவிட்டு உலர்த்திய பார்லி. கட்டிலுக்கு அடியில் அதைத் தள்ளி வைத்துவிட்டு வேலைக்குப் போனவள்தான், கார்த்திகை மழையில் காய்ச்சல் என்று படுத்து, காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி, பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏகாம்பரமும் கனகவல்லியும் நின்றார்கள். அவளுக்கு பதிலாக ஒரு மிஷின் மூச்சுவிட்டது. புஸ் என்று இழுக்கும், டக் என்று நிற்கும், மறுபடி புஸ். அது நின்ற பிறகுதான் அவர்களை உள்ளே விட்டார்கள்.

அதற்குப் பிறகு கனகவல்லி தூங்கவில்லை. படுப்பாள், கண்ணை மூடுவாள், அவ்வளவுதான். "அவ மூச்சு நின்னது எனக்குத் தெரியாதுங்க. நான் கேட்டது மிஷினு நின்னதைத்தான்" என்று ஏகாம்பரத்திடம் சொல்வாள், மறுநாளும் அதையே சொல்வாள்.

மாசி முடிந்து வெயில் ஏறியபோது கட்டிலடியிலிருந்து வண்டுகள் வர ஆரம்பித்தன. கறுப்பாக, கடுகு அளவில், வரிசையாகச் சுவரேறிப் போயின.

"பிள்ளை மூட்டையில வண்டு வெச்சிடுச்சி. வீணாப் போவப்போவுது. இன்னாவாச்சும் பண்ணுங்க" என்றாள் கனகவல்லி.

"இன்னா பண்றது?"

"எதுக்கு வாங்கியாந்தாளோ அதைப் பண்ணுங்க."

ஏகாம்பரம் மூட்டையைச் சைக்கிளில் வைத்து மாவு மில்லுக்குத் தள்ளிக்கொண்டு போனார். மில்காரர் கையை விட்டுப் பார்த்து, மாவாகவா, ரவையாகவா என்று கேட்டார். உடைந்தால் போதும், உமி உமியாகவே இருக்க வேண்டும் என்று மகள் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் அதை அவள் சொன்ன வார்த்தைகளில் சொல்ல முடியாமல் விரல்களால் சைகைதான் காட்டினார், மில்காரர் அதை ரவை என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கல்யாணத்துக்குச் சோறு வடிக்கும் அண்டாவை சலோமி வீட்டிலிருந்து வாங்கிவந்து தண்ணீர் சுட வைத்தார். கொதிக்கக் கூடாது. கொதித்தால் தானியம் செத்துவிடும், ஆறிப்போனால் தானியம் தூங்கிவிடும், நடுவில் நிற்க வேண்டும் நைனா என்று யசோ சொல்லியிருந்தாள். எது நடு என்று அவருக்குத் தெரியவில்லை. விரலை விட்டு விட்டுப் பார்த்தார். விரல் சிவந்து, இனி தாங்காது என்ற இடத்தில் அடுப்பை அணைத்து, உடைத்த தானியத்தைக் கொட்டிக் கிளறி, சூடு போகாமலிருக்க அவளுடைய பச்சைக் கம்பளியால் அண்டாவைச் சுற்றிக் கட்டினார். குளிர்காலத்தில் பிள்ளைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி ஓரங்களைச் செருகினார். லைன் முழுக்கப் பால் சேர்க்காத ஹார்லிக்ஸ் வாசனை எழுந்தது, பழைய சுரங்கத்தின் வெள்ளை மண்மேடுகள் வரைக்கும் போனது, ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றன.

சாறு இறக்கும் நேரத்தில் அது இறங்கவில்லை. வேட்டித் துணியில் கொட்டிய தானியம் சேறு மாதிரி அடைத்துக்கொண்டு, ஒரு சொட்டு, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு ஒரு சொட்டு. ரவையாக உடைத்ததுதான் தப்பு என்று அவருக்குப் புரிந்தது. அடுத்த வாட்டி என்று சொல்ல இன்னொரு மூட்டை கிடையாது. அவள் கையால் வாங்கிவந்தது இது ஒன்றுதான். ஏகாம்பரம் அண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலும் வராத அழுகை அடைத்துக்கொண்ட தானியத்துக்காக வந்தது.

கனகவல்லி உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். கரண்டிக் காம்பால் தானியத்தை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தளர்த்தினாள், வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தாள், ஒரு துணி முனையை அவர் பிடிக்க மறுமுனையைத் தான் பிடித்து ஆட்டினாள். தூளி ஆட்டுகிற அசைவு அது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது, இருவரும் நிறுத்தவில்லை. பொழுது சாயும்போது சாறு தேன் நிறத்தில் இறங்கி முடிந்தது. அதைக் கொதிக்கவைத்து, யசோ பொட்டலத்தில் வைத்திருந்த, பீருக்குக் கசப்பு தரும் உலர்பூவைப் போட்டு, பொங்கி அடுப்பு அணைந்து, மறுபடி பற்றவைத்து, ஈரச்சாக்கில் வைத்து ஆற்றி, நீல டிரம்மில் ஊற்றி ஈஸ்ட் தூவினார்கள். மூடியிலிருந்து வரும் ரப்பர் குழாயின் முனையை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் விட்டார்கள். உள்ளே நொதிக்கும்போது காற்று அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழி குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. டின் பாகில் செய்தபோதெல்லாம் அப்படித்தான் போனது.

மறுநாள் மதியம் ஏகாம்பரம் ரேஷன் கடையிலிருந்து வந்தபோது கனகவல்லி டிரம்முக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவா வாங்க. தூங்கறா."

குமிழி வரவில்லை. பாட்டிலில் இருந்த தண்ணீர் குழாய்க்குள் ஏறியது, நின்றது, இறங்கியது. ஏறும்போது மெல்லிய விசில். மறுபடி ஏறியது, விசில். மூன்றாவது முறை விசில் இல்லாமல் ஏறி இறங்கியது. ஏகாம்பரம் பையைக் கீழே வைக்க மறந்து நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து டிரம்முக்குள்ளிருந்து "ம்ஹூம்" என்று ஒரு முனகல் வந்தது, டிரம் லேசாக அசைந்தது, மறுபடி விசில்.

அவர் டிரம்மில் கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. சாதாரணச் சூடுதான்.

"சோறு சாப்பிடு கனகு" என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

அதற்குள் அவள் பாயில் சாய்ந்து, ஒரு கையை டிரம்மின்மேல் போட்டுக்கொண்டு, கார்த்திகைக்குப் பிறகு முதல் தடவையாகத் தூங்கிப்போயிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சலோமி கேட்டுவிட்டாள். அவள் கத்தவும் இல்லை, ஜெபம் பண்ணவும் இல்லை. மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்த தேங்காயை எடுத்து அம்மியில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் லைன் முழுக்க அம்மிச் சத்தம்தான் கேட்டது. கிரிக்கெட் ஆடும் பையன்கள் தாங்களாகவே மைதானத்தை மண்மேட்டுப் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். கேஸ் சிலிண்டர்க்காரர் உருட்டி வரும் சிலிண்டரைத் தோளில் தூக்கி வந்தார். விடியலில் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் ஏகாம்பரத்தின் வீடு வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தாண்டியதும் போட்டுக்கொண்டு மறுபடி ஓடினார்கள். பகலிலும் தூங்குகிற பிள்ளை என்பதால் யாருக்கும் நேரம் காலம் இல்லை, எப்போதுமே மெதுவாகப் பேசினார்கள். மெதுவாகப் பேசிப் பேசி லைனில் சண்டைகள் குறைந்தன, ஏனென்றால் ரகசியக் குரலில் ஒருவரை ஒருவர் எவ்வளவு நேரம்தான் திட்டுவது?

பாதிரியார் வந்து கேட்டுவிட்டு, உயிர்ப்பைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, விசிலைக் கேட்டதும் நிறுத்திக்கொண்டார். புத்த விகாரையிலிருந்து வந்த பிக்கு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அதே மூச்சோடு தன் மூச்சையும் விட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல தூக்கம்" என்று மட்டும் சொன்னார். வீட்டில் மது காய்ச்சுவதாக யாரோ போட்ட பெட்டிஷனை எடுத்துக்கொண்டு ஹெட் கான்ஸ்டபிள் பசவராஜு வந்தார். கன்னடக்காரர், தமிழை இழுத்து இழுத்துப் பேசுவார். லத்தியால் டிரம்மைத் தட்டப் போனவர் கை அந்தரத்தில் நின்றது.

"ஏனம்மா, என்ன இது? யாரு உள்ளே?"

"என் மக சார். தூங்கறா."

பசவராஜு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து கேட்டார். ஒரு முழு சுற்று கேட்டார், விசில் இல்லாத மூச்சு வரைக்கும். "ஆய்த்து. தூங்கட்டும்மா. எழுப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு, வாசல் வரைக்கும் பூட்ஸ் சத்தம் வராமல் பின்பக்கமாகவே நடந்து போனார்.

செத்துப்போனவர்கள் யார் வீட்டில்தான் இல்லை? லைனில் அவரவர் தங்கள் தானியத்தைக் காய்ச்சிப் பார்த்தார்கள். ஒருவர் அம்மாவுக்காகக் கம்பைக் காய்ச்சினார், ஒருவர் தம்பிக்காகச் சோளத்தை. எல்லா வீட்டிலும் குபுக் குபுக் என்று வெறும் குமிழி வந்தது. யாரும் திரும்பி வரவில்லை, பானைகளைக் காலி செய்ய ஆட்கள் மட்டும் வந்தார்கள், அந்த வாரம் லைனில் பாதிப் பேர் மெதுவான குரலில் பாடிக்கொண்டே தள்ளாடினார்கள்.

சலோமி கடைசியாக வந்தாள். முந்தானையில் ஒரு படி கேழ்வரகு இருந்தது.

"அண்ணா, எனக்கும் ஒருவாட்டி செஞ்சி குடுங்க" என்றாள் ஏகாம்பரத்திடம். "கலியாணமான புதுசுல எனக்கு ஒண்ணு பொறந்துச்சே, ஞாபகத்துல கீதா? ஒரு மூச்சுகூட விடாமலே போச்சே, அது."

ஏகாம்பரத்துக்கு ஞாபகம் இருந்தது. அதை லைனில் யாரும் கணக்கில் வைத்ததில்லை. பெயர்கூட வைக்காமல் புதைத்தார்கள்.

அவர் கேழ்வரகைச் சின்னக் குடத்தில் காய்ச்சிக் கொடுத்தார், யசோவின் டிரம்மிலிருந்து ஒரு கரண்டி நுரையையும் எடுத்து அதில் விட்டார். சலோமி தன் வீட்டில் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குமிழிதான் வந்தது. மூன்றாம் நாள் மதியம் கனகவல்லி போய்ப் பார்த்தபோது சலோமி குடத்தில் காதை வைத்தபடி படுத்திருந்தாள்.

"வெறும் குமிழிதானே சலோ" என்றாள் கனகவல்லி, மெல்ல.

"உனக்கு யசோ மூச்சு தெரியும்க்கா, அதனால இது அவளான்னு உனக்குத் தெரிஞ்சிது. எனக்கு அது மூச்சு எப்படியிருக்கும்னே தெரியாதே. இப்படித்தான் இருந்திருக்கும்னு வெச்சிக்கறேன்." குடம் குபுக் என்றது. சலோமி சிரித்தாள். "பாரு, பால் குடிச்சி ஏப்பம் விடுது."

பங்குனி பாதி கடந்தபோது விசில் இடைவெளி விட ஆரம்பித்தது. தண்ணீர் குழாயில் ஏறும், அங்கேயே நெடுநேரம் யோசிக்கும், பிறகு இறங்கும். இது முடியப் போகிறது என்று ஏகாம்பரத்துக்குத் தெரியும். தானியத்தின் இனிப்பை ஈஸ்ட் தின்றுகொண்டிருக்கும் வரைக்கும்தான் உள்ளே உயிர், தின்று தீர்ந்ததும் அடங்கிவிடும், அடங்கிய பிறகுதான் அது பீர். இதைச் சொல்ல அவர் ஒவ்வொரு நாளும் வாயெடுத்தார். சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. ஒருநாள் அவர் குளித்துவிட்டு வந்தபோது டிரம்மின் மூடி திறந்திருந்தது, கனகவல்லி கையில் சர்க்கரை டப்பா இருந்தது.

"பசியாக்கீறா" என்றாள்.

சர்க்கரை விழுந்ததும் மூச்சு சீரானது. விசில் மறுபடி வந்தது. அதைக் கேட்ட சலோமி ஒரு தம்ளர் சர்க்கரையோடு வந்தாள், அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டார், அவர்களுக்குப் பின்னால் அடுத்த லைன்காரர்கள். ரேஷன் சர்க்கரை, வெல்லம், கற்கண்டு, கோவிலில் கொடுத்த பஞ்சாமிர்தம், கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிச்சமான கேக் மிட்டாய். லைனில் யாரும் இனிப்பாகக் காபி குடிக்கவில்லை. பிறந்தநாளுக்குப் பிள்ளைகளுக்குக் கேசரி கிடையாது என்றார்கள், பிள்ளைகள் அழவில்லை. கனகவல்லி ஒவ்வொரு தம்ளரையும் வாங்கி டிரம்முக்குக் காட்டி, "சலோமி அத்தே குடுத்தாங்க, எதிர்வீட்டு மாமா குடுத்தாரு" என்று சொல்லிச் சொல்லிக் கொட்டினாள். ஊரே ஊட்டிய பிள்ளை சித்திரை பிறந்த பிறகும் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு மாறியது. உள்ளே போதை ஏற ஏற ஈஸ்டுக்கு மூச்சு முட்டும் என்று யசோ ஒருமுறை சொல்லியிருந்தாள். தன்னுடைய கழிவிலேயே அது மூழ்கும் நைனா. விசில் போய்விட்டது. இழுப்பு வந்தது. தண்ணீர் குழாயில் ஏற முடியாமல் ஏறியது, உச்சியில் உதறியது, தொப்பென்று விழுந்தது. முனகல் அடிக்கடி வந்தது, யாருக்கோ மறுப்பதைப் போல இல்லை, வலியைப் போல. டிரம் தொட முடியாமல் சுட்டது. சர்க்கரை போட்டால் அரை நாள் தெம்பாக இழுக்கும், பிறகு இன்னும் மோசமாகும். லைன் முழுக்க அதைக் கேட்டது. கேட்டதாக யாரும் சொல்லவில்லை. தம்ளர்களோடு வந்தவர்கள் வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே பார்க்காமல் போனார்கள். காலை ரயில்காரர்கள் ஏகாம்பரம் வீட்டுத் தெருவை விட்டு, சாக்கடை ஓரமாகச் சுற்றிப் போனார்கள்.

"கனகு, இந்தச் சத்தத்தை நாம இதுக்கு முன்னாடி கேட்டுக்கீறோம்" என்றார் ஏகாம்பரம் ஒரு மதியம்.

"இல்ல."

"கண்ணாடிக்கு அந்தாண்ட..."

"அது மிஷினுங்க! இது என் பிள்ளை. மிஷின நிறுத்துனாங்க, நீங்களும் பாத்துக்கினு நின்னீங்க. இப்ப இதையும் நிறுத்தச் சொல்றீங்களா?" அந்த மாதங்களில் லைனில் யாரும் உயர்த்தாத குரலில் அவள் கத்தினாள். டிரம் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு, இருமி, மூச்சுக்குத் தவித்தது. கனகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏகாம்பரம் வாசலில் போய் உட்கார்ந்தார். அவள் சொன்னது உண்மைதான். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒரு கையால் கண்ணாடியைத் தட்டியிருக்கலாம், தட்டினால் திறந்திருப்பார்களா என்று இப்போது யாரைக் கேட்பது?

உள்ளே சலோமி போனாள். அவள் என்ன சொன்னாள் என்று பிறகு லைனில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். ஏகாம்பரத்துக்குக் கேட்டது இவ்வளவுதான்: "என் கொடம் நேத்தே அடங்கிடுச்சிக்கா. கூட இருந்தேன். அதுக்காவது கூட இருந்தேன்."

பிறகு அடுப்பு பற்றவைக்கும் சத்தம். கனகவல்லி லைன்காரர்கள் கொடுத்த சர்க்கரை முழுவதையும் சலோமி வீட்டில் வாங்கிய அதே சோறு வடிக்கும் அண்டாவில் கொட்டி, எல்லாருக்கும் டீ போட்டாள். வாசலுக்கு வந்து முதல் தம்ளரை ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தாள். வாயில் வைத்தபோது பாகு மாதிரி இனித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரையும் கூப்புடுங்க. அவ தனியா இருக்க வேணாம்" என்றாள்.

லைன் முழுக்க வந்தது. வீட்டுக்குள் கொள்ளாமல் வாசலிலும் தெருவிலும் உட்கார்ந்தார்கள். பசவராஜு வேலை முடிந்து போகிற வழியில் வந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இனிக்கிற டீயைக் குடித்தபடி எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிரம்முக்குள் இருந்த இனிப்பு தீரத் தீர இழுப்பு தளர்ந்தது. வெயில் முற்றத்தைத் தாண்டிப் போகையில் விசில் திரும்பி வந்தது, பழைய விசில். கனகவல்லி டிரம்மை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள், சூடு குறைந்துகொண்டே வந்தது, ஏகாம்பரம் அவள் பின்னால் உட்கார்ந்து ரப்பர் குழாயை விரல்களுக்குள் வைத்துக்கொண்டார். அதில் மகளின் மூச்சு போவதும் வருவதும் தெரிந்தது. இரண்டு மூச்சு விசிலோடு. ஒரு மூச்சு இல்லாமல். இரண்டு மூச்சு விசிலோடு. ஒரு மூச்சு வெளியே வந்தது, பாட்டிலில் ஒரே ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது, தண்ணீர் அப்படியே நின்றது.

"இப்ப" என்றாள் கனகவல்லி. "இப்பதான். நான் கேட்டேன்."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். அவளோடு லைனும் அழுதது. எத்தனையோ நாளாக அடக்கிவைத்த குரல்கள் எல்லாம் ஒன்றாக வெடித்ததில் கூரைகளிலிருந்து புறாக்கள் எழுந்து போய், அன்றைக்கு வேறு எங்கோ தங்கின.

டிரம்மை ஏகாம்பரம் சில நாள் அப்படியே விட்டிருந்தார். பிறகு பாட்டில்களைக் கழுவினார். சுடுகாட்டில் கொண்டுபோய் ஊற்றிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். "ஊத்தறதுக்கா வாங்கியாந்தா? குடிக்கத்தானே" என்றாள் கனகவல்லி. நுரை கட்டுவதற்காக பாட்டிலுக்குக் கொஞ்சம் சர்க்கரை போட வேண்டும். அதைச் சொல்ல அவர் தயங்கியபோது அவளே கரண்டியை எடுத்து வந்தாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் பாட்டிலைத் திறந்தார்கள். எல்லாரும் குனிந்தார்கள். டுஸ் என்று காற்று போனது, அவ்வளவுதான். சலோமி தம்ளரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "நுரைதான், உடையுது" என்றாள். தம்ளர் தம்ளராக லைன் முழுக்கப் போனது. ஒருவர் கஷாயம் மாதிரி இருக்கிறது என்றார், ஒருவர் ரொம்ப காட்டம் என்றார், ஒருவர் பின்னால் கொஞ்சம் புளிக்கிறதோ என்றார், பசவராஜு டூட்டியில் இருப்பதாகச் சொல்லிவிட்டு இரண்டு தம்ளர் குடித்தார். கனகவல்லி இதற்கு முன்னால் இதைத் தொட்டதில்லை. ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, உதட்டை முந்தானையால் துடைத்தாள்.

"இது நல்லா வந்துக்கீதா?" என்று கேட்டாள்.

எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். தானியத்திலிருந்தே காய்ச்சின பீர் எப்படி இருக்க வேண்டும், இது அப்படி இருக்கிறதா, கசப்பு இவ்வளவு வேண்டுமா, புளிப்பு குற்றமா குணமா, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. லைனில் ஒருவருக்கும் தெரியாது. ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கும். நாக்கில் வைத்த உடனே, மூக்கு ஒருபக்கம் சாய, இன்னது கூட, இன்னது குறைச்சல் என்று சொல்லியிருப்பாள்.

"தெரியல கனகு" என்றார்.

அவள் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். ஏகாம்பரம் இன்னொரு வாய் குடித்து, விழுங்காமல், கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தார்.